சணலும் சணப்பும் ஒன்றா? செடி, நார், சாக்கு, சொற்கள்

கேள்வி இது: சாக்கு தைக்கும் சணலும், நடவுக்கு முன் வயலில் விதைத்து மடக்கி உழும் சணப்பும் ஒரே செடியா? சாக்கு, கோணி, இரட்டு என்பதெல்லாம் ஒன்றுதானா? சணலை நம் பக்கம் பயிரிட முடியுமா? கடையில் சணல் பை என்று தருவதை எப்படிச் சோதிப்பது?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: ஒன்றல்ல. இரண்டும் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. ஆனால் குழப்பத்துக்குக் காரணம் கேட்டவர் அல்லர். தமிழில் சணல் என்ற ஒரே சொல்லின் கீழ் குறைந்தது நான்கு செடிகள் வந்து நிற்கின்றன. அவற்றைப் பிரித்து வைத்துக்கொண்டால் மற்றக் கேள்விகள் பாதி தீர்ந்துவிடும்.

சாக்குக்கும் ஜூட் பைக்கும் நார் தருவது கார்கோரஸ் என்ற பேரினத்துச் செடி. வெண்டை, பருத்தி, செம்பருத்தி எல்லாம் இருக்கிற குடும்பம். பயிராவது இரண்டு இனங்கள்: கார்கோரஸ் கேப்சுலாரிஸ், கார்கோரஸ் ஒலிடோரியஸ். வியாபாரத்தில் முதலாவது வெள்ளைச் சணல், இரண்டாவது தோஸா. செடியை அடையாளம் காண இலையின் அடியைப் பாருங்கள். இலை விளிம்பு ரம்பப் பல்லாக இருக்கும். காம்போடு சேரும் இடத்தில் கடைசி இரண்டு பற்கள் மட்டும் மீசைபோல நீண்டு கீழே தொங்கும். அந்த இரட்டை மீசை இருந்தால் சணல். பூ சிறியது, மஞ்சள், ஐந்து இதழ். வெள்ளைச் சணலின் காய் சுருங்கிய சிறு உருண்டை. தோஸாவின் காய் விரல்போல நீளம். கிராமங்களில் பிண்ணாக்குக் கீரை என்று பறிக்கும் செடியும் இந்தப் பேரினம்தான். தோஸாவின் இளம் இலையை எகிப்தில் முலுக்கியா என்று குழம்பு வைக்கிறார்கள். வங்காளத்தில் அது பாட் ஷாக், கீரைக் கடையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். ஒலிடோரியஸ் என்ற பெயரே காய்கறித் தோட்டத்தோடு தொடர்புடைய லத்தீன் சொல்.

வயலில் மடக்கி உழுவது குரோட்டலேரியா ஜன்சியா. சணப்பு, சணப்பை, சணம்பு என்று ஊருக்கு ஒரு உச்சரிப்பு. இது பயறு வகை: அவரைப் பூ வடிவில் பளிச்சென்ற மஞ்சள் பூ, காய்ந்தால் உள்ளே விதை கிலுகிலுக்கும் காய், வேரில் தழைச்சத்தைப் பிடிக்கும் முடிச்சுகள். பசுந்தாள் உரத்துக்கு எக்டேருக்கு 25 முதல் 35 கிலோ விதை போட்டு, 45 முதல் 60 நாளில், பூக்கத் தொடங்கும்போது மடக்குவார்கள். அதைத் தாண்டினால் தண்டில் நார் முற்றிவிடும், மண்ணில் மட்க நாளாகும். அந்த நார்தான் இந்தச் செடிக்கு அந்தப் பெயர் வரக் காரணம். கயிறு, மீன்வலை, சிகரெட் தாள் என்று அதற்குத் தனிப் பயன்கள் உண்டு. மெல்லிய, உறுதியான தாள் செய்ய இன்றும் தேடப்படும் நார் அது. கார்கோரஸ் வேரில் முடிச்சு கிடையாது, தழைச்சத்தும் சேராது. ஆகவே பசுந்தாளுக்கு விதை வாங்கும்போது ‘சணல் விதை’ என்று மட்டும் கேட்காமல் ‘சணப்பு, பசுந்தாளுக்கு’ என்று சொல்லி வாங்குங்கள். சணப்பு விதை அவரை விதைபோலச் சற்றே வளைந்து, கறுப்பு கலந்த சாம்பல் நிறத்தில் பெரிதாக இருக்கும். சணல் விதை கடுகைவிடவும் பொடி.

மூன்றாவது, புளிச்சை. நாம் கீரையாகக் கடையும் புளிச்சக்கீரையின் தண்டிலும் நல்ல நார் இருக்கிறது. இதற்கும் இதன் உறவான ரோசெல் செடிக்கும் சந்தையில் மெஸ்தா என்று பெயர்; இரண்டும் ஹைபிஸ்கஸ் பேரினம். ஆந்திரத்துப் பீமுனிப்பட்டினம் துறைமுகம் வழியாகப் போனதால் பழைய ஏற்றுமதிக் கணக்குகளில் இது பிம்லி சணல். விஜயநகரம் பக்கம் நெல்லிமர்லா, பீமிலிக்கு அருகே சிட்டிவலசை ஆகிய ஊர்களில் சணல் ஆலைகள் எழுந்ததற்கு இந்த மெஸ்தாதான் அடிப்படை. சணலைவிடக் கொஞ்சம் முரட்டு நார். சாக்குக்குக் கலக்கலாம், மெல்லிய துணிக்கு ஆகாது.

நான்காவது, ஆளி. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பைப் படிப்பவர்களை இது நிச்சயம் தடுமாற வைக்கும். எகிப்தில் கல்மழையால் அழிந்த சணலும், ராகாப் ஒற்றர்களை ஒளித்துவைத்த சணல் தட்டைகளும், ஆசாரியர்களின் சணல்நூல் அங்கியும் ஜூட் அல்ல. அது ஆளிச்செடியின் நார், அதாவது லினன். சாக்குத் துணியில் அங்கி தைத்துக்கொண்டு ஆசாரியர் நின்றதாகக் கற்பனை செய்தால் மொழிபெயர்ப்பாளர் மேல் தப்பில்லை. அவர் காலத்தில் தண்டிலிருந்து உரிக்கும் மெல்லிய நாருக்குக் கையில் இருந்த சொல் அதுதான். ஆங்கில அகராதிகள் ‘ஹெம்ப்’ என்பதற்கும் சணல் என்றே போடுகின்றன. அது கஞ்சாச் செடியின் நார். ‘சணல் விதை எண்ணெய்’ என்று ஒரு செய்தியில் வந்தால் அது பெரும்பாலும் இந்த ஹெம்ப்.

சணல் என்ற சொல்லுக்கு மூலம் சமஸ்கிருதத்துச் ‘சணம்’. அது முதலில் குறித்தது சணப்பையும் ஹெம்ப்பையும்தான். மலையாளத்தில் சணம், கன்னடத்தில் செணபு, தெலுங்கில் ஜனுமு என்று எல்லாம் ஒரு வேர். சொல்லுக்கு முதல் உரிமை சணப்புக்கு; கார்கோரஸ் பின்னால் வந்து அதில் குடியேறியது. வங்காளத்தில் இந்தக் குழப்பமே இல்லை. அங்கே இது பாட். ஜூட் என்ற ஆங்கிலச் சொல்லும் அந்தப் பக்கத்துப் பேச்சு வழக்கிலிருந்து, சடை என்று பொருள்படும் ‘ஜட்டா’வின் வழியில் போனது. எழுதும்போது என் வழி: கார்கோரஸுக்குச் சணல், குரோட்டலேரியாவுக்குச் சணப்பு, லினனுக்கு ஆளிநார். ஐயம் வரக்கூடிய இடத்தில் ஜூட் என்று தமிழெழுத்தில் போட்டுவிடுவது நல்லது. கடைக்காரருக்கும் அதுதான் புரியும்.

இனி சாக்கு, கோணி, இரட்டு. கோணி சமஸ்கிருத ‘கோணீ’. ஆங்கிலத்து ‘கன்னி பேக்’, தெலுங்கின் கோனெ, சிங்களத்தின் கோனிய எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சாக்கு ஒல்லாந்தரின் ‘ஸாக்’ வழியாக வந்தது என்பார்கள். மலையாளத்திலும் அது சாக்குதான். இன்றைய பேச்சில் இரண்டுக்கும் பொருள் வேறுபாடு இல்லை. ஆனால் சாக்கு என்பது யூரியா வந்த பிளாஸ்டிக் பைக்கும் ஆகும். கோணி என்றால் சணல் மட்டும்தான். தைக்கும் வளைந்த முனை ஊசியைக் கோணி ஊசி என்பார்களே தவிர சாக்கு ஊசி என்று அதிகம் சொல்வதில்லை. இரட்டு என்பது இரட்டை நூல் போட்டு நெய்த முரட்டுத் துணி. துக்கத்தில் இரட்டு உடுத்தியதாக விவிலியத்தில் வருவது ஆட்டுமயிர்த் துணி. சணலுக்கு அங்கே வேலையில்லை. ஆனால் சொல் பொருத்தம் விசித்திரமாக அமைந்திருக்கிறது: இன்று நெல்லுக்கும் அரிசிக்கும் அரசு வாங்கும் பி ட்வில் சாக்கில் பாவு நூல் இரண்டிரண்டாகத்தான் ஓடுகிறது. ஒரு பழைய சாக்கை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள், நெடுக்காக இரண்டு நூல் ஒட்டிப் போகும், குறுக்கே தடித்த ஒற்றை ஊடை. கைப்பைக்கும் அலங்காரத்துக்கும் வரும் மெல்லிய ஹெசியன் துணியில் பாவும் ஒற்றை, ஊடையும் ஒற்றை.

நார் எப்படி வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சணலின் தரத்தை நிர்ணயிப்பது நிலமோ உரமோ அதிகம் இல்லை. தண்ணீருக்குள் கிடக்கும் இரண்டு வாரம்தான்.

வங்காளத்தில் வெள்ளைச் சணலைப் பிப்ரவரி கடைசியிலிருந்து விதைக்கலாம். அது தேங்கிய நீரைத் தாங்கும் என்பதால் தாழ்வான நிலத்துக்கு. தோஸா மேட்டு நிலத்துக்கு, ஏப்ரல் வாக்கில். இளம்பருவத்தில் காலடியில் தண்ணீர் நின்றால் தோஸா போய்விடும். வரிசை விதைப்புக்கு எக்டேருக்குத் தோஸா 5 கிலோ, வெள்ளை 7 கிலோ அளவு. இந்த வேறுபாடு விதையின் எடையால்: ஆயிரம் தோஸா விதை சுமார் 2 கிராம், வெள்ளைச் சணல் 3 கிராமுக்கு மேல். வரிசைக்கு வரிசை 25 செ.மீ., செடிக்குச் செடி 5 முதல் 7 செ.மீ. இவ்வளவு நெருக்கம் வேண்டுமென்றே வைப்பது. இடம் கிடைத்தால் செடி கிளைக்கும், கிளைத்த இடத்தில் நார் அறும். இதே காரணத்தால்தான் குருத்தைத் தாக்கும் மஞ்சள் சிலந்திப்பேனை விவசாயி அத்தனை பயப்படுகிறார்; நுனி கருகினால் பக்கக் கிளை வெடிக்கும், 3 மீட்டர் நாராக வர வேண்டியது துண்டு துண்டாக வரும். செலவில் பெரும்பங்கு களையெடுப்புக் கூலி. மூன்றாவது வாரத்தில் ஒரு களையும் கலைப்பும், ஐந்தாறாவது வாரத்தில் இன்னொன்று.

அறுவடை 110 முதல் 120 நாளில், சிறு காய் பிடிக்கும் பருவத்தில். பூவுக்கு முன் அறுத்தால் நார் மென்மை, ஆனால் எடை குறைவு. காய் முற்றவிட்டால் எடை கூடும், நார் முரடாகி அடிப்பட்டை கழன்று வராது. அறுத்த தட்டைகளை 20 முதல் 25 செ.மீ. விட்டமுள்ள கட்டுகளாகக் கட்டி மூன்று நான்கு நாள் வயலிலேயே நிறுத்தி வைத்தால் இலை உதிரும். இலை மண்ணுக்கு உரம். தவிர இலையோடு தண்ணீரில் போட்டால் நாரில் கறை. பிறகு கட்டுகளின் அடிப்பகுதியை மட்டும் முழங்கால் தண்ணீரில் மூன்று நான்கு நாள் நிறுத்தி ஊறவிடுவது நல்ல பழக்கம். அடித்தண்டு தடிப்பு, நுனி மெல்லிசு. இரண்டையும் ஒன்றாகப் படுக்க வைத்தால் அடி ஊறி முடிவதற்குள் நுனி அழுகிவிடும்.

அடுத்தது ஜாக். கட்டுகளை ஓடைத்தண்ணீரிலோ குளத்திலோ அடியும் நுனியும் மாற்றி மாற்றி இரண்டு மூன்று அடுக்காகப் பரப்பித் தெப்பம் கட்டுகிறார்கள். அந்தத் தெப்பத்துக்குத்தான் ஜாக் என்று பெயர். குறைந்தது ஒரு மீட்டர் ஆழம் வேண்டும். தெப்பம் தரையையும் தொடக் கூடாது, தண்ணீருக்கு மேலும் நீட்டக் கூடாது. மேலே ஆகாயத்தாமரையைப் பரப்பி, கல்லோ சிமெண்டுக் கட்டையோ வைத்து அமுக்க வேண்டும். பலர் செய்வது வாழைத்தண்டையும் ஈரமண்ணையும் ஏற்றுவது. செலவில்லை, ஆனால் வாழையிலும் மரப்பட்டையிலும் உள்ள துவர்ப்புப் பொருள் மண்ணின் இரும்போடு சேர்ந்து, பேனா மை உருவாகும் அதே வேதிவினையால் நாரைக் கறுப்பாக்கிவிடும். இந்தச் சாம்பல் கறுப்பு நாருக்கு அங்கே ஷாம்லா என்று பெயர், விலை இறங்கிவிடும். அப்படி ஆன நாருக்கு ஒரு வீட்டு வைத்தியம் உண்டு: நீர்த்த புளிக்கரைசலில் கால் மணி நேரம் ஊறவைத்து, உடனே நல்ல தண்ணீரில் அலசுவது. புளியின் அமிலம் இரும்பைப் பிடித்து இழுத்துக்கொள்ளும், நிறம் தெளியும். அலசாமல் விட்டால் அமிலமே நாரைப் பலவீனமாக்கும்.

தண்ணீருக்கடியில் வேலை செய்வது பாக்டீரியாக்கள். முதலில் காற்றுள்ள இடத்தில் வாழ்பவை, ஆக்சிஜன் தீர்ந்தபின் காற்றில்லாமல் வாழ்பவை. அவை பட்டையில் நாரையும் நாரையும் ஒட்டவைத்திருக்கும் பெக்டினைத் தின்கின்றன. 34 டிகிரி செல்சியஸ் வெப்பம் அவற்றுக்குச் சொர்க்கம். அந்த வெப்பத்தில் 12 முதல் 15 நாளில் முடியும்; குளிர்ந்த தண்ணீரில் மூன்று வாரத்துக்கு மேலும் இழுக்கும். கொல்கத்தாவுக்கு அருகே பேரக்பூரில் உள்ள மத்தியச் சணல் ஆராய்ச்சி நிறுவனம் இந்த பாக்டீரியாக்களைப் பொடியில் கலந்து கிரைஜாஃப் சோனா என்ற பெயரில் தருகிறது. ஜாக்கின் ஒவ்வொரு அடுக்கிலும் தூவினால் தேங்கிய, குறைந்த தண்ணீரிலும் நாள் குறைகிறது, நிறமும் தெளிவாக வருகிறது.

பெக்டின் தீர்ந்ததும் பாக்டீரியா நிறுத்திக்கொள்ளாது, நாரின் உடலான செல்லுலோஸையே தின்ன ஆரம்பிக்கும். ஆகவே பத்தாம் நாளிலிருந்து தினமும் பார்க்க வேண்டும். தெப்பத்தின் நடுவிலிருந்து இரண்டு மூன்று தட்டையை உருவி, அடியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்தித் தள்ளினால், நார் உள்கட்டையை விட்டு வழுக்கிக்கொண்டு நகர வேண்டும். ஓரத் தட்டையை எடுத்துப் பார்த்து ஏமாறுவது சகஜம், ஓரம் எப்போதும் முந்திக்கொள்ளும். ஒரு நாள் முந்தினால் பட்டை ஒட்டிக்கொண்ட நார், அடியில் விறைத்த வால். ஆலையில் அந்த வாலை வெட்டி ‘கட்டிங்’ என்று தனியே மலிவில் ஒதுக்குவார்கள். இரண்டு நாள் பிந்தினால் மங்கிப்போன, இழுத்தால் அறும் நார். முந்தியதைத் திரும்ப ஊறப்போடலாம், பிந்தியதற்கு மருந்தில்லை.

நார் உரிப்பது இடுப்பளவு தண்ணீரில் நின்று. ஒரு பிடி தட்டையை எடுத்து அடியைச் சிறு கட்டையால் தட்டி, அடியிலிருந்து ஓரடி ஒன்றரையடி உயரத்தில் ஒடித்து, தண்ணீருக்குள் முன்னும் பின்னும் வீசி இழுத்தால் உள்கட்டை வழுக்கி வெளியே போகும். வேகமான முறை, ஆனால் உடைந்த கட்டைத் துணுக்கு நாரில் சிக்கும். ஒவ்வொரு தட்டையாக உரித்தால் துணுக்கு இருக்காது, உள்கட்டையும் முழுசாகக் கிடைக்கும். அதற்கு வங்காளத்தில் பாட்காட்டி என்று பெயர். வேலியாகவும் அடுப்பு விறகாகவும் வெற்றிலைக் கொடிக்கால் மறைப்பாகவும் நல்ல காசு. பிழிந்த நாரை மூங்கிலில் தொங்கவிட்டு இரண்டு மூன்று நாள் காயவிட வேண்டும். தரையில் பரப்பினால் மண் ஏறும். எடைக்காக ஈரத்தோடு கட்டி விற்பவர்களும் உண்டு. அந்தக் கட்டு கிடங்கில் நடுவிலிருந்து சூடேறி மக்கும். அனுபவமுள்ள வியாபாரி கட்டின் நடுவே கையை விட்டுப் பார்ப்பது அதற்காகத்தான்.

பச்சைத் தட்டையின் எடையில் 5 முதல் 6 சதவீதமே நார். எக்டேருக்கு 45 டன் பச்சைத் தட்டை வந்தால் இரண்டரை டன் நார், அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் உள்கட்டை. ஒரு பி ட்வில் சாக்கு 580 கிராம் என்று வைத்தால் அந்த நாரில் கழிவு போக நாலாயிரம் சாக்கு வரும். தரம் முன்பு எட்டு வகுப்பாக இருந்தது, இப்போது ஐந்து. 2025-26 பருவத்துக்கு மூன்றாம் தரத் தோஸாவுக்கு இந்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5,650 ரூபாய். அந்த விலையில் வாங்க 1971இல் தொடங்கிய இந்தியச் சணல் கழகம் இருக்கிறது.

நம் பக்கம் பயிரிடலாமா? செடி வளரும். தொழிலாக ஓடாது என்பது என் கருத்து. முதல் காரணம் பகல் நீளம். பகல் பன்னிரண்டரை மணிக்குக் குறைந்தால் சணல், குறிப்பாகத் தோஸா, வளர்வதை விட்டுவிட்டுப் பூக்கப் போய்விடும். வங்காளத்திலேயே சீக்கிரம் விதைத்தால் முழங்கால் உயரத்தில் பூத்துவிடும் தொல்லை இருந்தது. அதைத் தாங்குவதற்காகவே சூடான் நாட்டு வகையைக் கலந்து 1977இல் வந்தது ஜே.ஆர்.ஓ. 524 என்ற நவீன் ரகம். திருச்சியில் ஆண்டின் மிக நீண்ட பகலே பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தை ஒட்டித்தான். இரண்டாவது காரணம் தண்ணீர்: வங்காளத்தில் அறுக்கும் ஆகஸ்டில் குளமெல்லாம் நிரம்பிக் கிடக்கும், நமக்கு அந்த மாதம் ஏரி காய்ந்து கிடக்கும், மழை அக்டோபரில். பச்சைத் தட்டையிலிருந்து பட்டையை மட்டும் நாடாவாக உரித்துச் சிறு குழியில் ஊறவைக்கும் முறை இருக்கிறது, தண்ணீர் வெகுவாக மிச்சமாகும், ஆனால் கூலி ஏறும். மூன்றாவது, வாங்க ஆள் வேண்டும். பூக்கும் அவசரத்துக்கு ஒரு நன்மை உண்டு: வங்காளம் விதைக்கும் சணல் விதையில் பெரும்பகுதி மகாராஷ்டிரத்திலும் ஆந்திரத்திலும்தான் விளைகிறது. நார் ஆசை உள்ளவர்கள் இங்கே புளிச்சையையும் சணப்பையும் பார்க்கலாம்.

ஆலைக் கதையில் ஒரே ஒரு இடத்தில் நிற்கிறேன், ஏனென்றால் சாக்கின் வாசனை அங்கிருந்து வருகிறது. சணல் நாரில் லிக்னின், அதாவது மரத்துக்கு விறைப்புத் தரும் பொருள், 12 முதல் 14 சதவீதம். அதனால் விறைப்பு, 2 சதவீதம் நீள்வதற்குள் அறும். ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆலைகள் முதலில் சணலை நூற்க முடியாமல் திணறின. அந்த ஊர் திமிங்கல வேட்டைத் துறைமுகமும்கூட. திமிங்கல எண்ணெயும் தண்ணீரும் கலந்து நாரில் தெளித்தால் இளகும் என்று 1830களில் கண்டுகொண்ட பிறகுதான் தொழில் எழுந்தது. 1855இல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் இந்தியாவின் முதல் ஆலை வந்தது. 1947இல் ஆலைகள் இந்தப் பக்கமும் நல்ல சணல் வயல்கள் கிழக்கு வங்கத்திலுமாகப் பிரிந்தன. அந்தப் பக்கம் நாராயண்கஞ்சில் எழுந்த பிரமாண்டமான ஆதம்ஜி ஆலை 2002இல் மூடப்பட்டது. எண்ணெய் தெளிப்பது மட்டும் இன்றும் அப்படியே. திமிங்கலத்துக்குப் பிறகு கனிம எண்ணெய் வந்தது. புதுச் சாக்கில் மண்ணெண்ணெய்போல அடிப்பது அதுதான். காப்பிக்கொட்டை, கோகோ இரண்டும் அந்த வாசனையை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் அவற்றுக்குத் தவிட்டெண்ணெய் போன்ற தாவர எண்ணெய் தெளித்த சாக்கையே வாங்குகிறார்கள். ஹைட்ரோகார்பன் இல்லாத சாக்கு என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

துணி வாங்குபவர்களுக்கு: ஹெசியனை அவுன்ஸில் சொல்வார்கள். 40 அங்குல அகலத்தில் ஒரு கெஜத்தின் எடை அது. பத்து அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 305 கிராம்; எட்டு என்றால் 244. மளிகைச் சுமைக்குப் பத்துக்குக் கீழே போகாதீர்கள். நூலை பவுண்டில் சொல்வார்கள், எண் கூடினால் நூல் தடிப்பு. பருத்தி நூலுக்கு நேர் எதிர் என்பதால் ஜவுளிக்காரர்கள் இதில் சறுக்குவது உண்டு.

சோதனைக்கு வருவோம். பையின் ஓரத்திலிருந்து பாவில் ஒரு நூல், ஊடையில் ஒரு நூல், தையல் நூல் ஒன்று என மூன்றையும் தனித்தனியே உருவுங்கள். பாவில் மட்டும் சணல் போட்டு ஊடையில் பிளாஸ்டிக் கலப்பது நடக்கிறது. நெருப்புக் காட்டினால் சணல் காகிதம்போல எரிந்து சாம்பலாக உதிரும். பிளாஸ்டிக் சுருங்கி உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். சணலா பருத்தியா ஆளியா என்று பிரிக்க நெருப்பு உதவாது, மூன்றும் ஒரே மாதிரி எரியும். அதற்குப் பள்ளி ஆய்வகம் போதும்: ஃபுளோரோகுளூசினால் கரைசலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு சொட்டுப் பட்டால் லிக்னின் இருக்கும் சணல் உடனே செஞ்சிவப்பாகும், பருத்தி வெள்ளையாகவே நிற்கும். இன்னொன்று, பையின் உட்புறம் நகத்தால் கீறிப் பாருங்கள். வழவழப்பாகப் படலம் கிளம்பினால் உள்ளே பாலித்தீன் பூச்சு இருக்கிறது. தண்ணீர் படாமலிருக்க அது தேவைப்படலாம். ஆனால் அந்தப் பை மண்ணில் முழுசாக மட்காது.

பையைத் துவைக்க ஊறப்போடக் கூடாது. குளிர்ந்த தண்ணீரில் ஒரு அலசு, நிழலில் காயப்போடுங்கள். லிக்னின் வெயிலில் பழுத்து நார் மஞ்சளாகும். ஈரமாகச் சுருட்டி வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை. சாக்குக்கு இந்த ஈரம் பிடிக்கும் குணமே சில இடத்தில் வரம்: கான்கிரீட் தூணில் சுற்றி நனைத்து வைக்க சணல் சாக்கைப் போல வேறில்லை. குறைந்தது ஏழு நாள், கலப்புச் சிமெண்டானால் பத்து நாள், காயவிடாமல். சர்க்கரையும் உப்பும் வந்த சாக்கை மட்டும் நன்றாக அலசாமல் தூணில் சுற்றாதீர்கள். சர்க்கரை சிமெண்டின் இறுக்கத்தைக் கெடுக்கும், உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

தானியத்துக்குப் பழைய சாக்கைத் திரும்பப் பயன்படுத்துவதானால் தையல் மடிப்பைத் திருப்பிப் பார்க்க வேண்டும், வண்டின் முட்டையும் புழுவும் அங்கேதான் ஒளியும். கொதிநீரில் கால் மணி நேரம் போட்டு, நல்ல வெயிலில் உள்ளும் புறமும் மாற்றிக் காயவைத்து, சுவரிலிருந்து தள்ளி மரச்சட்டத்தின் மேல் அடுக்கினால் ஒரு பருவம் தாங்கும். எடை போடும்போது சாக்கின் எடையைக் கழிப்பதில் கவனம்: 580 கிராம் என்பது புதுச் சாக்குக்கு, அதுவும் உலர்ந்த நாளில். மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சிய சாக்கு அதைவிடக் கனக்கும். நாற்பது கிலோ நெல்லுக்கு 40.580 என்று தராசில் நிறுத்தும் இடத்தில், அந்த நாளின் காலிச் சாக்கு ஒன்றை முதலில் தட்டில் போட்டுப் பார்ப்பது விவசாயிக்கும் நல்லது, நிறுப்பவருக்கும் நல்லது.